இனவெறிக்கு எதிராக அக்கம்பக்கத்தைத் திரட்டும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் இரண்டு இளைஞர்கள் ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார்கள். 'இனவெறிக்கு எதிராக ஒன்றுகூடுவோம்.' நாள், நேரம், இடம் எல்லாம் இருந்தன. கூடி என்ன கேட்கப் போகிறோம் என்பதுதான் இல்லை. பல வருடங்களுக்கு முன் நான் அடித்த நோட்டீஸும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

அனுமதி வாங்க மறப்பது, மைக் சொதப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு முறை பட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

பாதிக்கப்பட்டவரை மேடையேற்றிவிட்டு வீட்டுக்குப் போவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான், பாதி என்மேலேயே. எங்கள் முதல் கூட்டத்தில் ஒரு அம்மாவைப் பேசச் சொன்னோம். பள்ளியில் மகனை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். முறையிட்டால், பிள்ளைகள் விளையாட்டு என்று அனுப்பிவிடுகிறார்கள். அவர் பேசப் பேச அரங்கில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். பள்ளியின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பள்ளி என்று எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலையில் பள்ளியில் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தனியாகத்தான் போனார். கூடப் போக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தில் எடுத்த படங்களைப் பகிர்ந்துகொண்டிருந்தோம்.

அப்புறம் அவர் எதற்கும் வரவில்லை. ஒருநாள் வழியில் பார்த்தபோது, "அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது தம்பி" என்றார்.

அவர் வீட்டுக்குப் போய் நாங்கள் கேட்டிருக்க வேண்டியவை கொஞ்சம்தான். என்ன மாறினால் போதும்? அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அங்கே போகும்போது கூட யார் வருவது? நீங்களே பேசுகிறீர்களா, உங்கள் சார்பில் வேறு யாராவது பேசட்டுமா? பேச விருப்பமில்லை என்று அவர் சொல்லியிருந்தால் கூட்டமே தேவைப்பட்டிருக்காது; நாலு பேர் சேர்ந்து பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம்.

1963-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்ததைப் பாருங்கள். கறுப்பர்களையும் ஆசியர்களையும் பேருந்து ஊழியர்களாக எடுக்க மாட்டோம் என்று நிறுவனம் அடம்பிடித்தது. போராடியவர்கள் முதலில் ஆதாரத்தைக் கையில் எடுத்தார்கள். போராட்டத்தை முன்னின்று நடத்திய பால் ஸ்டீபன்சன் என்பவர், கை பெய்லி என்ற கறுப்பின இளைஞருக்கு அந்த நிறுவனத்தில் நேர்காணல் ஏற்பாடு செய்தார். பெய்லி மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் நேர்காணல் ரத்தானது. அதன் பிறகுதான் பேருந்துப் புறக்கணிப்பை அறிவித்தார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: வேலைக்கு எடுங்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. ஆகஸ்ட் 28 அன்று நிறுவனம் இறங்கிவந்தது. பெய்லியின் அவமானத்தைக் கேட்டு அழ அங்கே யாரும் கூடவில்லை. அதை ஆதாரமாக வைத்து வேலையைக் கேட்டார்கள்.

தொழிற்சங்கம் நம் பக்கம்தான் என்று நினைத்துக்கொள்வது

பிரிஸ்டலில் அந்தத் தடைக்கு உள்ளூர்த் தொழிற்சங்கமும் துணை நின்றது. உங்கள் ஊர்ச் சங்கத்தையும் போய்க் கேட்டுவிட்டு, அப்புறம் நம் பக்கம் என்று கணக்கில் சேருங்கள்.

மார்ச் 21-க்கு மட்டும் விழித்துக்கொள்வது

இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான பன்னாட்டு நாள் அது; 1960-இல் ஷார்ப்வில்லில் இனவெறிச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களில் 69 பேரைத் தென்னாப்பிரிக்கக் காவல்துறை சுட்டுக்கொன்ற நாள். மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், சரி. மறுநாள் யாருக்கு என்ன வேலை? 1955-56-இல் அமெரிக்காவின் மான்ட்காமரியில், பேருந்து இருக்கைகளில் காட்டிய இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் இருந்தார்கள். உணர்ச்சியை மட்டும் நம்பியிருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது. காலையில் வேலைக்குப் போகிறவரை எந்தக் கார் எங்கே ஏற்றிக்கொள்ளும் என்றுகூடத் திட்டம் போட்டிருந்தார்கள்.

வந்தவருக்குப் பாடம் எடுப்பது

ஒரு பெரியவர் பழைய வழக்கத்தில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். எல்லோர் முன்னாலும் திருத்தினேன். அவரோடு வந்த நாலு பேரும் எழுந்து போனார்கள். தேநீர் நேரத்தில் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

கேட்காமல் அடுத்தவர் பெயரில் புகார் கொடுப்பது

வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவை நம்புவது

கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய இருநூறு பேரில் நாற்காலி போட வந்தவர்கள் மூன்று பேர்.