மிதித்த கிளட்ச் பெடல் மேலே வராவிட்டால்: நாம் செய்யும் தவறுகள்

சிக்னலில் கிளட்சை மிதித்தேன். காலை எடுத்த பிறகும் பெடல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஷூ நுனியை அடியில் விட்டுத் தூக்கித்தான் மேலே கொண்டுவந்தேன். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் (1989-ல் வந்தது, அமெரிக்காவில் மியாட்டா) வைத்திருக்கும் பலருக்கு இது பழகிய கதை.

உடனே "கிளட்ச் போச்சு" என்று முடிவுகட்டி கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதுதான் இதில் பெரிய தவறு. நான் முதலில் காட்டிய மெக்கானிக்கும் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்க்காமலே முழு செட்டுக்கு விலை சொன்னார். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் எஞ்சின் இரையும், வண்டி வேகம் எடுக்காது. பெடல் தரையில் கிடப்பது பெரும்பாலும் வேறு வியாதி.

இந்த வண்டியில் கிளட்சை இயக்குவது கேபிள் அல்ல, பிரேக் ஆயில். பெடல் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். அங்கிருந்து குழாய் வழியே போகும் ஆயில், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். காலை எடுத்ததும், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் அந்த ஆயிலைத் திருப்பித் தள்ளும்போதுதான் பெடல் எழுகிறது. நடுவே ஆயில் கசிந்தாலோ காற்று புகுந்தாலோ திருப்பித் தள்ள அழுத்தம் இருக்காது.

ஆகவே முதலில் மிதியடி விரிப்பு பெடலில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள் (சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது). அப்புறம் பானட்டைத் திறந்து கிளட்சுக்கென்று தனியாக இருக்கும் சின்ன ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு இறங்கியிருக்கிறதா, ஆயில் கறுத்திருக்கிறதா? பிறகு வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, ஜாக்கை மட்டும் நம்பாமல், அடியில் போய் ஸ்லேவின் ரப்பர் உறையை விரலால் பிதுக்கிப் பாருங்கள். என் வண்டியில் பிதுக்கிய கணமே கறுப்பு ஆயில் மணிக்கட்டு வரை வழிந்தது. அங்கே காய்ந்திருந்தால் உள்ளே வந்து, பெடலின் கம்பி எஞ்சின் பக்கத்துச் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தடவுங்கள். ஈரமோ பெயிண்ட் உப்பலோ இருந்தால் மாஸ்டரில் கசிவு.

டப்பாவை நிரப்பி, நாலு தடவை மிதித்தால் பெடல் எழும். "சரி, ஓடுதே" என்று அப்படியே ஓட்டுவது அடுத்த தவறு. சிலிண்டருக்குள் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் சீல் கிழிந்தது கிழிந்ததுதான். நெரிசலில் ஒருநாள் கியரே விழாமல் நிற்பீர்கள்.

நிரப்பும் ஆயிலிலும் கோட்டை விடுவார்கள். டாட் 3 அல்லது டாட் 4 தரத்துப் பிரேக் ஆயில் போதும். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் இந்த ரப்பர் ஊதிப்போகும். டாட் 5 என்பது சிலிகான், இதோடு சேராது. எண் பெரிதாக இருப்பதால் நல்லது என்று வாங்கிவிடாதீர்கள்.

ஸ்லேவை மட்டும் மாற்றிவிட்டு மாஸ்டரை விட்டால், புது ஸ்லேவின் முழு அழுத்தமும் பழைய சீலில் விழும். சில வாரத்தில் அதுவும் கசிவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து மாற்றுவதே என் கட்சி. சீல் கிட் மட்டும் போட்டு மிச்சம் பிடிக்க நினைத்தால், சிலிண்டர் உள்சுவரை நகத்தால் தடவுங்கள். துருக்குழி தட்டுப்பட்டால் புது சீலையும் அது அரைத்துவிடும். பழைய ரப்பர் ஹோஸையும் மறக்காதீர்கள். உள்ளே உப்பி அடைத்தால் ஆயில் போகும், திரும்பாது. பெடல் மெல்ல எழுந்து, ஸ்லேவில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் கிளட்ச் படக்கென்று விடுபட்டால் சந்தேகம் ஹோஸ் மேல்தான். குழாய் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கிவிடும். அதற்கென்றே உள்ள குழாய் நட்டு ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாகங்களை மாற்றியபின் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்கும்போதுதான் பாதிப் பேர் சொதப்புகிறார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் அடியில். மிதித்துப் பிடித்ததும் நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். மூடுமுன் எடுத்தால் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். வேகமாகப் பம்ப் செய்தால் ஆயில் நுரைத்துவிடும். ஆரம்பத்தில் பெடல் தானாக எழாது, கையால் தூக்க வேண்டும், பயப்படாதீர்கள். சின்ன டப்பா என்பதால் அது காலியாகாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பெடல் இன்னும் உயரமாக இருக்கட்டும் என்று பெடலுக்கும் மாஸ்டருக்கும் நடுவிலுள்ள தள்ளுகம்பியை நீட்டி, துளி இடைவெளிகூட இல்லாமல் இறுக்கிவிடுபவர்களும் உண்டு. மாஸ்டர் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராமல் அழுத்தம் உள்ளேயே தங்கி, நல்ல கிளட்சும் வழுக்கத் தொடங்கும்.

சிந்திய பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். முடித்ததும் டப்பாவில் ஆயில் மட்டத்துக்குப் பேனாவால் ஒரு கோடு. ஒரு வாரம் கழித்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், மறுபடி அடியில் படுத்து அந்த ரப்பர் உறையைப் பிதுக்கிப் பாருங்கள்.