18 கே.எல்.டி. என்று எழுதும் முன்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆலை ஒன்றுக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை கேட்கும் விண்ணப்பம். தண்ணீர்த் தேவை என்ற கட்டத்தில் 18 கே.எல்.டி. என்றிருந்தது. நாளொன்றுக்கு 18 ஆயிரம் லிட்டர்.

"இந்தக் கணக்கு எப்படிப்பா வந்துச்சு?"

"முந்தின ஃபைல்ல இப்படித்தான் சார் இருந்துச்சு."

முந்தின ஃபைல் ஒரு அப்பள யூனிட்டுடையது. திட்ட வாய் வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். அதுவும் இதே மாதிரி ஒரு சிப்ஸ் ஆலைக்கு.

நிறுவ இசைவாணையை வைத்துக்கொண்டு ஆலையை ஓட்டக் கூடாது, இயக்க இசைவாணை தனியாக வாங்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிட்டு, அடிக்கடி நடக்கும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

தண்ணீர்க் கணக்கைக் குறைத்துக் காட்டுவது

அன்றைக்கு ஆலை முதலாளி என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான். "தம்பி, தண்ணிய கொஞ்சம் கம்மியாவே போட்டுக்கோங்க, கட்டணம் குறையும்ல." நானும் தலையாட்டினேன். 18 என்று எழுதினேன். கழிவுநீர் 14 என்று எழுதினேன். காகிதத்தில் 14 இருந்ததால் 15 கே.எல்.டி.க்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். இசைவாணையும் வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆறு மாதம் கழித்து வாரியத்திலிருந்து உதவிப் பொறியாளர் ஆய்வுக்கு வந்தார். நேரே கழிவுநீர்த் தொட்டிக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் போனது கேஷியர் மேசைக்கு. மேசை ஓரத்தில் ஒரு கம்பியில் ரசீதுகளைக் குத்தி வைத்திருந்தார்கள். தண்ணீர் லாரி ரசீதுகளை மட்டும் ஒவ்வொன்றாக உருவி, தேதி வாரியாகப் பிரித்து அடுக்கினார். 12,000 லிட்டர் லாரி, நாளைக்கு மூன்று நடை, ஞாயிறு தவிர. செல்போனில்கூடக் கணக்குப் போடவில்லை. "முப்பத்தாறு வருதே சார், பதினெட்டு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

பிறகுதான் தொட்டிப் பக்கம் போனோம். வெளியேறும் குழாயில் மாட்டியிருந்த மீட்டரின் கண்ணாடிக்குள் ஆவி படிந்து, முள் ஒரே இடத்தில் நின்றிருந்தது. ஆனால் லாக் புக்கில் மூன்று மாத ரீடிங்கும் இருந்தது. ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதிய கையெழுத்து. கிழங்கு கழுவிய மாவுத் தண்ணீர் முதல் தொட்டியை நிரப்பி, விளிம்பு தாண்டி, பின்பக்கத் தென்னை வரிசைக்கு வழிந்துகொண்டிருந்தது. 15 கே.எல்.டி. நிலையத்தில் 30 விட்டால் வேறென்ன ஆகும்? தண்ணீர் தொட்டியில் தங்கும் நேரம் பாதியாகும். கசடு படியாது. நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே தண்ணீர் வெளியே போய்விடும். அந்தப் புளித்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. குறைத்துக் காட்டியதால் இசைவாணைக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை! தமிழ்நாட்டில் அந்தக் கட்டணம் நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாம் சேர்ந்த மொத்த நிலைச் சொத்து மதிப்பையும், மாசு அளவுப்படி சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று ஆலை எந்த நிற வகையில் வருகிறது என்பதையும் பொறுத்தது. தண்ணீர் அளவு அதில் வராது. தண்ணீர் உபயோகத்துக்கு ஏற்ப வசூலித்தது 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படியான தண்ணீர் தீர்வை. அதற்குப் பயந்து குறைத்து எழுதிய பழக்கம்தான் விண்ணப்பத்துக்கும் தாவியது. ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் அந்தத் தீர்வையே ஒழிந்துவிட்டது. பழக்கம் மட்டும் ஃபைல் விட்டு ஃபைல் பிரதியெடுக்கப்பட்டு வாழ்கிறது.

அன்றைக்கு ஒரு நோட்டீஸோடும், இரண்டாவது முறை தொட்டி கட்டிய செலவோடும் போயிற்று. இன்றைக்கு என்றால் சுற்றுச்சூழல் இழப்பீடு வரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த சூத்திரப்படி, ஆரஞ்சு வகைக்கான மாசுக் குறியீடு 50, அதை ரூபாய்க் காரணியான 250-ஆல் பெருக்கி, சிறு தொழில் என்பதால் 0.5-ஆல் பெருக்கினால், பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள ஊரில் நாளைக்கு 6,250 ரூபாய். மீறல் 90 நாள் நீடித்தால் 5,62,500 ரூபாய்.

சரியான கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளே வந்த தண்ணீர் எங்கெங்கே போகிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆலையில் கிழங்கு கழுவ, தோல் சீவ, துண்டு போட 26, தரை கழுவ 5, பாய்லருக்கு 2, ஆட்கள் உபயோகம் 3. மொத்தம் 36. கழுவியதும் தரைத் தண்ணீரும் 31. சீவலோடு ஒட்டிப்போய் வறுக்கும்போது ஆவியாவது ஏறக்குறைய 1. ஆக, ஆலைக் கழிவுநீர் 30. ஆட்கள் உபயோகத்தில் எண்பது சதவீதம் சாக்கடைநீர் என்றால் 2.4, அதற்குத் தனி ஏற்பாடு. இதை எழுத ஏழு நாள் மீட்டர் ரீடிங் எடுத்தால் போதும். புது ஆலை என்றால் அதே அளவில் ஓடும் இன்னொரு ஆலையில் போய் நின்று பார்க்கலாம். கணினியில் பிரதியெடுத்தால் கிடைக்காது.

சிலர் நேர் எதிராக, "பின்னாடி உதவும்" என்று கூட்டியும் எழுதுவார்கள். அதுவும் தண்டம். வராத தண்ணீருக்குத் தொட்டி கட்டி, பசிக்கும் நுண்ணுயிருக்குச் சாணியைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

வேறொருவர் வரம்பைப் பார்த்து நிம்மதி அடைவது

ஆய்வக அறிக்கையில் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 80, பக்கத்தில் வரம்பு 100, எல்லாம் சரி என்று ஒருவர் சந்தோஷமாக அனுப்பினார். அவர் தண்ணீரை விடுவது ஓடையில். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது வரம்புப்படி ஆறு, ஓடை போன்ற நீர்நிலைக்கு பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம். பாசன நிலத்துக்கு 100. பொதுச் சாக்கடைக்கு 350. ஆய்வகம் பாசன நில வரம்பை அச்சடித்துக் கொடுத்துவிட்டது. தண்ணீர் எங்கே விழுகிறதோ அதுதான் வரம்பைத் தீர்மானிக்கும். உங்கள் இசைவாணையில் அதைவிடக் கடுமையான எண் இருந்தால் அந்த எண்தான் சட்டம். அறிக்கையை இசைவாணைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

மினரல் வாட்டர் பாட்டிலில் கழிவுநீர் மாதிரி எடுப்பது

வேண்டாம். எண்ணெய்ப் பரிசோதனைக்குக் கண்ணாடி பாட்டில். எல்லா மாதிரியும் ஐஸ் பெட்டியில்.

கசடைக் குப்பை என்பது

படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு இறக்கிய ரசாயனக் கசடு, 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் 35.3 என்ற எண்ணில் இருக்கிறது. ஜெனரேட்டரிலிருந்து வடித்த பழைய எண்ணெய் 5.1. ரசாயனம் வந்த காலி டிரம் 33.1. இவற்றுக்குத் தனி அங்கீகாரம் வேண்டும், படிவம் 3-இல் பதிவேடு வேண்டும், 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. "ஒரு மூட்டைதானே" என்று நகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றியவர்களை எனக்குத் தெரியும்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு, ஆரம்பத்திலேயே யோசித்தால். உயிரியல் தொட்டிக் கசடையும் ரசாயனக் கசடையும் ஒரே உலர்த்தும் படுகையில் கொட்டாதீர்கள். கலந்துவிட்டால் எல்லாமே 35.3 ஆகிவிடும், அபாயகரக் கழிவைப் புதைக்கும் கும்மிடிப்பூண்டி வரை லாரி வாடகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதான். நடுவில் ஒரு செங்கல் சுவர் எழுப்பினால் போதும்.

மேனிஃபெஸ்ட் இல்லாமல் லாரியை அனுப்புவது

மேனிஃபெஸ்ட் என்பது அபாயகரக் கழிவோடு போக வேண்டிய சீட்டு: படிவம் 10, ஏழு பிரதி. டிரைவர் அவசரப்படுவார். படட்டும், விடுங்கள்.

கிரயம் முடித்தபின் ஆற்றை அளப்பது

சாயம், தோல் போன்ற தொழில்களுக்கு 1989-ஆம் ஆண்டின் 213-ஆம் எண் அரசாணை நீர்நிலையிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றது. 1998-ஆம் ஆண்டின் 127-ஆம் எண் அரசாணை காவிரி, பாலாறு, வைகை, தாமிரபரணி போன்றவற்றுக்கு 5 கிலோமீட்டர் என்றது. காவிரி என்றால் நொய்யல் மாதிரியான துணையாறுகளும் சேர்த்துத்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது இது.

"நாலு மாசம் ஆச்சு, வந்த மாதிரிதான்"

விண்ணப்பித்து நாலு மாதத்தில் வாரியம் பதில் சொல்லாவிட்டால் இசைவாணை கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த நாலு மாதம் எல்லா வகையிலும் முழுமையான விண்ணப்பத்துக்கு. கேட்ட விவரத்துக்குப் பதில் போடாமல் வைத்திருக்கும் ஃபைலை முழுமை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தேதிகள்

அபாயகரக் கழிவின் ஆண்டுக் கணக்குக்குப் படிவம் 4, ஜூன் 30. ஆலையின் சுற்றுச்சூழல் அறிக்கைக்குப் படிவம் 5, செப்டம்பர் 30. இந்தப் படிவம் 5 ஆரம்பத்திலேயே கேட்பது தண்ணீர் உபயோகம் எவ்வளவு, ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு என்பதைத்தான். விண்ணப்பத்தில் 18 என்று எழுதியவர் அங்கே மறுபடியும் 18 எழுதுவார், அடுத்த வருடமும் எழுதுவார்.

பையன் நேற்று சிப்ஸ் ஆலையிலிருந்து மூன்று நாள் ரீடிங் கொண்டுவந்தான். 33, 37, 35. இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.