பிரவுசர்ல சேர்ந்திருக்கிற டெம்பரரி ஃபைல்ஸ க்ளியர் பண்றது எப்படி?

ஒரு வெப்சைட் அரைகுறையா லோட் ஆகுது, படம் வரமாட்டேங்குது, பட்டன அமுக்கினா ஒண்ணும் நடக்கல, ஆனா அதே சைட் போன்ல நல்லா ஓடுதுன்னா முதல்ல கேஷத்தான் சந்தேகப்படணும். நீங்க ஒரு சைட்டுக்குப் போனதும் அதோட லோகோ, படங்கள், டிசைன் ஃபைல் எல்லாத்தையும் பிரவுசர் ஒரு காப்பி எடுத்து உங்க டிஸ்க்லயே வச்சுக்கும், அடுத்த தடவை சீக்கிரம் திறக்கணும்னு. இந்தக் காப்பிகளுக்குத் தான் கேஷ்னு பேரு. சைட்காரங்க அந்தப் பக்கம் மாத்தின பிறகும் இது பழைய காப்பியவே எடுத்துக் காட்டுச்சுன்னா தான் இந்தக் குளறுபடி எல்லாம்.

ஒரே ஒரு சைட் மட்டும் மக்கர் பண்ணுதுன்னா எதையும் அழிக்க வேணாம். அந்தப் பக்கத்துல இருந்துகிட்டே கண்ட்ரோல் கீயப் பிடிச்சுகிட்டு எஃப்5 அமுக்குங்க, பழைய காப்பிய விட்டுட்டு எல்லாத்தையும் புதுசா இறக்கும். பாதிப் பிரச்சனை இதுலயே முடிஞ்சிரும். முடியலன்னா கீழ போங்க.

1. பிரவுசரத் திறந்து கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் மூணையும் சேர்த்து அமுக்குங்க. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூணுக்கும் இதே தான். கீ வேலை செய்யலன்னா மேல வலது ஓரத்துல இருக்கிற மூணு புள்ளிய (ஃபயர்ஃபாக்ஸ்ல மூணு கோடு) க்ளிக் பண்ணி ஹிஸ்டரி வழியாவும் போகலாம்.

2. ஒரு சின்னப் பெட்டி வரும். மேல எவ்வளவு நாள் டேட்டாவ அழிக்கணும்னு கேக்கும், கடைசி ஒரு மணி நேரம்னு இருந்தா அதை ஆல் டைம்னு மாத்துங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல எவ்ரிதிங். இதை மாத்தாம விட்டுட்டு "க்ளியர் பண்ணேன், ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றவங்க தான் அதிகம்.

3. இப்ப தான் நிதானம் வேணும். குரோம், எட்ஜ்ல "கேஷ்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்", ஃபயர்ஃபாக்ஸ்ல டெம்பரரி கேஷ்டு ஃபைல்ஸ்னு ஆரம்பிக்கிற வரி, இது மட்டும் டிக்ல இருக்கட்டும். மத்த டிக் எல்லாத்தையும் எடுத்துருங்க. குக்கீஸ (சைட் உங்கள ஞாபகம் வச்சுக்க பிரவுசர்ல போட்டு வைக்கிற சின்ன ஃபைல்) டிக் பண்ணா கிட்டத்தட்ட எல்லா சைட்லயும் லாக் அவுட் ஆயிடுவீங்க, அப்புறம் பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லாம வீட்ல ஒரே ரகளை தான். பாஸ்வேர்ட்ஸ்னு ஒரு வரி இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. சிங்க் (ஒரே அக்கவுண்ட்ல கம்ப்யூட்டர், போன் பிரவுசர் ரெண்டையும் ஒரே மாதிரி வச்சுக்கிறது) ஆன்ல இருந்தா இங்க அழிச்ச ஹிஸ்டரியும் பாஸ்வேர்டும் உங்க போன்லயும் சேர்ந்தே போயிடலாம், கேஷுக்கு அந்த பயம் இல்ல.

4. டெலீட் இல்லன்னா க்ளியர்னு இருக்கிற பட்டன அமுக்குங்க. ரொம்ப நாளா க்ளியர் பண்ணலன்னா கொஞ்சம் நேரம் எடுக்கும், நடுவுல மூடாதீங்க. முடிஞ்சதும் பிரவுசர மூடித் திறந்து பாருங்க.

வீட்ல ஆளுக்கொரு ப்ரொஃபைல் வச்சு யூஸ் பண்றீங்கன்னா ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனி கேஷ், அப்பா ப்ரொஃபைல்ல அழிச்சா பசங்களோடது அப்படியே தான் இருக்கும்.

இத தினமும் பண்ணாதீங்க. அழிச்ச பிறகு எல்லா சைட்டையும் மறுபடி முதல்ல இருந்து இறக்கணும், அதனால முதல் தடவை ஸ்லோவா தான் திறக்கும், டேட்டாவும் கூட செலவாகும். பிரச்சனை வந்தா இல்ல டிஸ்க்ல இடம் இல்லன்னா பண்ணா போதும். இதுக்குன்னு க்ளீனர் சாஃப்ட்வேர் எல்லாம் இன்ஸ்டால் பண்ணவே வேணாம்.

இடம் தான் பிரச்சனைன்னா விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ்னு போய்ப் பாருங்க, கொஞ்ச நேரம் ஸ்கேன் பண்ணிட்டு லிஸ்ட் காட்டும். அந்த லிஸ்ட்ல டவுன்லோட்ஸ்னும் ஒண்ணு இருக்கும், அது டெம்பரரி எல்லாம் கிடையாது, நீங்களே இறக்கி வச்ச சர்டிஃபிகேட், போட்டோ எல்லாம் அங்க தான் கிடக்கும். அதுல டிக் இல்லன்னு ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் ரிமூவ் ஃபைல்ஸ அமுக்குங்க.