நடைக்குப் போனால் நாய் குரைக்கிறதா? செம்பனை மரத்தை எண்ணிப் பழக்குங்கள்

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டப்புற ஊரில் நாயைக் கயிற்றோடு வெளியே கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் எதிரே வந்துவிடும். பெரட்டுக்கு (காலையில் வேலையாட்கள் கூடும் இடத்துக்கு) விரையும் மோட்டார் சைக்கிள்கள், குலை ஏற்றிய லாரி, வேலிமேல் குரங்கு, தாமான் (குடியிருப்பு) வீட்டுக் கேட்டுக்குள்ளிருந்து கத்தும் இன்னொரு நாய். அப்போது குரைக்கிற நாயை அதட்டி அடக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அதட்டினால் அதன் பதற்றம் கூடுமே தவிர குறையாது. கயிற்றைச் சுண்டி இழுப்பது இன்னும் மோசம். மோட்டாரைப் பார்த்தால் கழுத்து வலிக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் தூரத்திலேயே தொடங்கிவிடும்.

குரைக்க ஆரம்பித்த பிறகு எது செய்தாலும் தாமதம்தான். வேலை முழுக்க அதற்கு முந்தைய இரண்டு மூன்று நொடிகளில் இருக்கிறது. நாயின் முகத்தைக் கவனியுங்கள். தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடும். காது முன்னால் நிமிரும், கழுத்து நீளும், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். பயந்த நாய் என்றால் உடம்பு பின்னங்காலில் சாயும், வால் இறங்கும். இந்த அடையாளம் தெரிந்துவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி.

தேவையானவை

2 மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறு போதும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு வேண்டாம். அது எப்போதும் விறைப்பாகவே இருக்கும், விறைத்த கயிறே நாயை உசுப்பும். கழுத்தை இறுக்கும் சங்கிலியும் வேண்டாம். மார்பில் மாட்டும் ஹார்னஸ் நல்லது.

அடுத்தது கோழி. எலும்பும் தோலும் இல்லாத நெஞ்சுக்கறி 200 கிராம் எடுத்து, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு, ஆகவே கறிச்சட்டியில் மிச்சமிருக்கும் துண்டுகளைக் கழுவிக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். வேகவைத்த கோழி ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். கொடுக்கிற அளவுக்கு ஏற்ப அன்றைய சோற்றைக் குறைத்துவிடுங்கள். பிஸ்கட்டில் இந்த வேலை நடக்காது. மோட்டாரோடு போட்டி போடும் ருசி வேண்டும்.

முதல் படி: வீட்டுக்குள் ஒரு சொல்

'டக்' மாதிரி ஒரு குறுஞ்சொல்லைத் தேர்ந்தெடுங்கள். 'சரி' வேண்டாம், நாம் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற சொல் அது. 'டக்' என்று சொல்லி, ஒரு நொடிக்குள் ஒரு துண்டு கொடுங்கள். ஒரு வேளைக்கு இருபது முறை, இரண்டு நாள். சொல்லைக் கேட்டதும் நாய் உங்கள் கையைத் தேடினால் பழகிவிட்டது என்று அர்த்தம்.

கூடவே வாசலில் 'வா, போலாம்' என்று சொல்லி எதிர்ப்பக்கம் திரும்பி நடந்து பழக்குங்கள். கூடவே திரும்பினால் ஒரு துண்டு. இது தப்பிக்கும் வழி, பின்னால் நிச்சயம் தேவைப்படும்.

இரண்டாம் படி: தூரத்தை அளப்பது

இங்கேதான் தோட்டம் கைகொடுக்கிறது. செம்பனையைப் பொதுவாக 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். ஆகவே ஒரே நிரையில் மூன்று இடைவெளி என்றால் ஏறக்குறைய 27 மீட்டர். டேப்பும் வேண்டாம், குத்துமதிப்பும் வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் எதையும் திருத்தாமல் வெறுமனே எண்ணுங்கள். மோட்டார் எத்தனை மரத் தூரத்தில் வரும்போது வாய் மூடுகிறது? மற்ற நாய்க்கு எத்தனை? லாரிக்கு எத்தனை? ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறாகத்தான் இருக்கும், குறித்துவையுங்கள். மோட்டாருக்கு நான்கு மரம் என்றால் உங்கள் தொடக்கப் புள்ளி ஆறு மரம்.

தோட்டத்துப் பாதையில் நிற்கும்போது நாயை மரத்தடிக்கு விடாதீர்கள். எலி மருந்துக் கட்டியை அங்கேதான் வைப்பார்கள், வெட்டிப்போட்ட மட்டையில் முள்ளும் இருக்கும்.

மூன்றாம் படி: பார்த்தால் கோழி

பெரட்டு நேரத்தில் போகாதீர்கள், மோட்டார் வரிசையாக வரும். சூரியன் எழும்பி அரை மணி நேரத்தில், ஏழரை வாக்கில், ஒன்றிரண்டாக வரும்போது போங்கள். மாலை என்றால் ஆறரைக்குப் பிறகு; புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

ஆறு மரத் தூரத்தில் கயிறு தளர நில்லுங்கள். மோட்டார் கண்ணில் பட்டதும் நாய் பார்க்கும். பார்த்த அந்தக் கணமே 'டக்', ஒரு துண்டு. மோட்டார் தெரிகிறவரை துண்டு துண்டாகக் கொடுங்கள். மறைந்ததும் நிறுத்துங்கள்.

வரிசை மாறக்கூடாது. முதலில் மோட்டார், பிறகு கோழி. பலர் தூரத்தில் சத்தம் கேட்டதுமே பையில் கைவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பை திறந்தாலே ஏதோ வரப்போகிறது என்று நாய் சுற்றிமுற்றித் தேடத் தொடங்கும்.

ஒரு வேளைக்கு எட்டுப் பத்து மோட்டார் போதும், பிறகு வீடு. சில நாட்களில் நாய் மோட்டாரைப் பார்த்துவிட்டுத் தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பலுக்காகத்தான் இத்தனையும். இனி அதற்குக் காத்திருந்து 'டக்' சொல்லுங்கள். பத்தில் எட்டு முறை திரும்பினால் அடுத்த நாள் அரை மரம் நெருங்கலாம். ஒரே வேளையில் இரண்டு முறை குரைத்தால் ஒரு மரம் பின்வாங்குங்கள்.

குரைத்துவிட்டால்

'வா, போலாம்' என்று சாதாரணக் குரலில் சொல்லித் திரும்பி நடங்கள். கோழியை வாங்கித் தின்னும் தூரம்வரை போங்கள். தின்ன மறுக்கிறது என்றால் இன்னும் நெருக்கத்தில்தான் நிற்கிறீர்கள். போதிய தூரம் வந்ததும் ஐந்தாறு துண்டைப் பாதையோரப் புல்லில் தூவிவிடுங்கள். மோந்து தேடுவது நாயைத் தணிக்கும். அன்று பெரிய கலவரம் ஆகியிருந்தால் மறுநாள் நடையே வேண்டாம், வாசலில் விளையாட்டு போதும். படபடப்பு ஒரே நாளில் இறங்காது.

தெருநாய்க் கூட்டத்தை வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். அவை நெருங்கினால் ஒரு கைப்பிடி துண்டை அவற்றின் பக்கம் வீசிவிட்டு விலகிப் போங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய் நோய் தலைகாட்டியது. தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

எதிரே மலாய்க்காரர் வந்தால் நாய் குரைக்காவிட்டாலும் கயிற்றைச் சுருக்கி ஓரமாக நில்லுங்கள். நாயின் எச்சில் பட்டால் இஸ்லாமிய முறைப்படி அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டியிருக்கும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். 'கெஜாப் யா, பக்சிக்' (கொஞ்சம் பொறுங்க, ஐயா) என்று சொல்லி வழிவிட்டால் போதும், நாய்க்கும் ஒரு 'டக்' கிடைத்த மாதிரி.

இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று குரைக்கத் தொடங்கினால் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டுக் காதைத் தூக்கிப் பாருங்கள். நாற்றம், கறுப்பு அழுக்கு, தொட்டால் முனகல் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலி இருக்கும்வரை கோழி வேலை செய்யாது.