கோவையில் பார்த்த ஐசியு இங்கே கணக்கில் வராது: சிஆர்என்ஏ படிக்க நினைக்கும் நர்ஸ்களுக்கு

அமெரிக்காவில் சிஆர்என்ஏ (மயக்க மருந்து கொடுக்கத் தகுதி பெற்ற நர்ஸ்) படிப்பில் இடம் கிடைத்த அன்று ஊருக்கு போன் போட்டேன். "அப்ப நீ மயக்க டாக்டரா ஆயிடுவியாடி?" என்றார் அம்மா. இல்லை என்றேன். "அப்ப டாக்டருக்கு அசிஸ்டெண்டா?" அதுவும் இல்லை. அரை மணி நேரம் விளக்கியும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில் "ஏதோ பெரிய படிப்பாம்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் மயக்க மருந்து என்றால் எம்.டி. அல்லது டி.ஏ. முடித்த டாக்டர், பக்கத்தில் ஒரு டெக்னீஷியன். நர்ஸே டியூப் போட்டு, மயக்கம் கொடுத்து, ஆபரேஷன் முடியும்வரை பேஷண்டின் மூச்சையும் பிரஷரையும் பார்த்துக்கொள்வதை நாம் கண்டதில்லை. அமெரிக்காவில் இது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வழக்கம். மேயோ கிளினிக்கின் மேயோ சகோதரர்களிடம் வேலை பார்த்த ஆலிஸ் மகோ என்ற நர்ஸ், 14,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்களுக்கு மயக்கம் கொடுத்ததைப் பற்றி 1906-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். மயக்கத்தால் ஒரு சாவுகூட இல்லை. இன்றும் பல கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் மயக்கம் கொடுப்பவர் சிஆர்என்ஏ மட்டும்தான். வருடச் சம்பளம் 2 லட்சம் டாலரைத் தாண்டும் என்பதால் இங்கே வந்த ஆறாவது மாதமே நம் ஆட்கள் இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். விசாரிக்கட்டும். ஆனால் ஆறு மாதம் முன்பே, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே விசாரித்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

முதல் வேலை எந்த யூனிட்டில்?

கோவையில் எனக்கு எட்டு வருட ஐசியு அனுபவம். வென்டிலேட்டர், ஆர்ட் லைன் (ரத்தக்குழாய்க்குள் வைத்துப் பிரஷர் பார்க்கும் குழாய்), இனோட்ரோப் (இதயத் துடிப்புக்கு வலு கொடுக்கும் மருந்து) எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இங்கே விண்ணப்பம் போடும்போது அந்த எட்டு வருடமும் கணக்கிலேயே இல்லை. இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சிஓஏ என்ற கவுன்சிலின் விதிப்படி, குறைந்தது ஓராண்டு முழுநேர தீவிர சிகிச்சை நர்ஸ் வேலை பார்த்திருக்க வேண்டும். அது அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, வெளிநாட்டில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ பார்த்ததாக இருக்க வேண்டும். பகுதிநேரமாகப் பார்த்தால் அதற்குச் சமமான மணி நேரம். ஓராண்டு என்பது குறைந்தபட்சம்தான். போட்டி இருப்பதால் இரண்டு, மூன்று வருடத்தோடு வருபவர்களே அதிகம்.

என்னை அழைத்துவந்த ஏஜென்சி (பெயர் வேண்டாம்) "கிரிட்டிக்கல் கேர்" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியது. வந்து பார்த்தால் டெலிமெட்ரி ஃப்ளோர், அதாவது இதயத் துடிப்பை மானிட்டரில் பார்க்கும் வார்டு. ஐந்து பேஷண்ட், மாத்திரை, டிஸ்சார்ஜ் பேப்பர், மறுபடி மாத்திரை. ஒப்பந்தம் 3 வருடம். நடுவில் விட்டால் கட்ட வேண்டிய தொகை என் ஒரு வருடச் சேமிப்பைவிட அதிகம். மூன்று வருடத்தையும் ஓட்டினேன். சிஆர்என்ஏ கணக்கில் அதுவும் பூஜ்யம்.

ஆகவே "ஐசியுவா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும். ஒரு நர்ஸுக்கு இரவு ஷிஃப்டில் எத்தனை பேஷண்ட் என்று கேளுங்கள். ஒன்று அல்லது இரண்டு என்றால் ஐசியு. நான்கு என்றால் அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தாலும் அது ஐசியுவுக்கு ஒரு படி கீழான ஸ்டெப்-டவுன்தான். வென்டிலேட்டர் பேஷண்ட் தினமும் உண்டா, பிரஷர் ஏற்றும் டிரிப்களை நர்ஸே கூட்டிக் குறைப்பாரா, ஆர்ட் லைன் போன்ற மானிட்டரிங் வழக்கமா என்று கேளுங்கள். தீவிர சிகிச்சை என்பதற்கு சிஓஏ பார்க்கும் அடையாளங்கள் இவைதான். பதிலை இமெயிலில் வாங்குங்கள். யூனிட்டின் பெயர் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

ஏற்கெனவே வார்டிலோ நர்சிங் ஹோமிலோ மாட்டிக்கொண்டவர்களுக்கு: அதே ஆஸ்பத்திரிக்குள் டிரான்ஸ்ஃபர் கேட்பதுதான் சுலபமான வழி. நைட் ஷிஃப்டுக்குத் தயார் என்று சொன்னால் கதவு சீக்கிரம் திறக்கும். இதய அறுவை ஐசியு, சர்ஜிக்கல் ஐசியு, பெரிய மெடிக்கல் ஐசியு ஆகியவற்றுக்கு மதிப்பு அதிகம். எமர்ஜென்சி அனுபவத்தைச் சில ஸ்கூல்கள் ஏற்கும், பல ஏற்காது. ஐசியுவில் சேர்ந்ததும் சிசிஆர்என் என்ற தீவிர சிகிச்சை நர்ஸ் சான்றிதழ்த் தேர்வைக் குறிவையுங்கள். கடைசி இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம், அதில் 875 கடைசி ஒரு வருடத்தில் என்பது அதற்கான வழக்கமான தகுதி. பல ஸ்கூல்கள் இதைக் கட்டாயமாக்கிவிட்டன. கேட்காத ஸ்கூலிலும் இருந்தால் நல்லது.

பெயரும் மார்க் ஷீட்டும்

இனிஷியல் விவகாரம் நம்மைத் தவிர யாருக்கும் புரியாது. சான்றிதழில் "ச. மீனா". பாஸ்போர்ட்டில் மீனா சண்முகம். கல்யாணத்துக்குப் பிறகு மீனா கார்த்திக். இங்கே கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பெண்கள். என்கிளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸ் தேர்வு) எழுதிய பெயர், லைசென்ஸ், டிரான்ஸ்கிரிப்ட், விண்ணப்பம் நான்கிலும் ஒரே பெயர் இருக்கட்டும். இல்லையென்றால் மூவரும் ஒருவரே என்று அஃபிடவிட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் தோழி ஒருத்தியின் ஃபைல் இதனாலேயே நான்கு மாதம் நகரவில்லை. அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது.

டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள், ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பல்கலைக்கழகம் சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் கவர்கள் இரண்டு மூன்று வாங்கிவிடுங்கள். பிறகு அப்பாவைக் கிண்டிக்கு அலையவிட வேண்டியிருக்காது. வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் வெஸ் போன்ற நிறுவனத்திடம் பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டும். நம் 65 சதவீதத்தை அப்படியே வைத்துப் பார்த்துப் பயப்படாதீர்கள், மாற்றிக் கணக்கிட்டால் நல்ல ஜிபிஏவே (4-க்குக் கணக்கிடும் சராசரி) வரும். பல இடங்களில் அடித்தளம் 3.0. ஜிஎன்எம் டிப்ளமோ மட்டும் இருப்பவர்கள் முதலில் இங்கே ஆர்என்-டு-பிஎஸ்என் என்ற நர்சிங் பட்டப்படிப்பை முடிக்க வேண்டியிருக்கும். வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முடிக்கலாம்.

விண்ணப்பித்த முதல் வருடம் மூன்று இடத்தில் போட்டேன். மூன்றிலும் இல்லை என்று பதில் வந்தது. ஒரு இடத்தில் மட்டும் காரணம் கேட்டேன், சொன்னார்கள்: கெமிஸ்ட்ரி படித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் கெமிஸ்ட்ரியும் ஸ்டாடிஸ்டிக்ஸும் எடுத்தேன். இரண்டிலும் ஏ. பழைய மார்க்குக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

விசாவும் பணமும்

2022 முதல் சேரும் எல்லோருக்கும் இது டாக்டரேட் படிப்பு. குறைந்தது 36 மாதம். நடுவில் வேலை பார்ப்பது நடக்காத காரியம். பல ஸ்கூல்கள் கூடாது என்றே சொல்லிவிடும். கட்டணம் மட்டும் 1 லட்சம் டாலரைத் தாண்டுவது சகஜம். மூன்று வருடம் ஒரு சம்பளத்தில் வீடு ஓடுமா என்று கணவரோடு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்த நர்ஸ்கள் நம்மிடையே நிறைய. எச்-4-ல் படிக்கத் தடையில்லை. ஆனால் ஐசியு வருடத்தைச் சேர்க்க வேலை அனுமதி வேண்டும். கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) ஒப்புதலாகியிருந்தால் பொதுவாக ஈஏடி (வேலை அனுமதி கார்டு) கிடைக்கும். புதுப்பிப்பதில் கவனம்: 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்குப் பழைய தானியங்கி நீட்டிப்பு இல்லை. கார்டு தேதி முடிந்தால் அன்றோடு ஷிஃப்ட் நிற்கும். அரசுக் கல்விக் கடனும் எச்-4, எச்-1பிக்குக் கிடையாது, கிரீன் கார்டு வேண்டும். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: முழுச் செலவுக்கும் கடன் தந்துகொண்டிருந்த கிராட் பிளஸ் திட்டம் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிடையாது. ஸ்கூலிடம் கேட்கும் முதல் கேள்விகளில் இதையும் சேருங்கள். கூடவே, உங்கள் விசாவில் இருப்பவர்களைச் சேர்ப்பார்களா என்பதையும். சில ஸ்கூல்கள் கிரீன் கார்டு கேட்கும்.

நேர்காணல்

விண்ணப்பத்துக்கு முன் ஒரு சிஆர்என்ஏவோடு ஒருநாளாவது ஆபரேஷன் தியேட்டரில் நின்று பாருங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், உங்கள் ஐசியுவுக்குப் பேஷண்டைக் கொண்டுவந்து விடுபவர்களிடமே கேட்கலாம். பரிந்துரைக் கடிதத்துக்கும் அவர்கள்தான் நல்ல ஆள், கூடவே உங்கள் மேனேஜர்.

எனக்கு வந்த முதல் கேள்வி செப்டிக் ஷாக். லெவோஃபெட் (பிரஷர் ஏற்றும் மருந்து) ஏற்றிக்கொண்டே போகிறீர்கள், மேப் (சராசரி ரத்த அழுத்தம்) 65-க்கு வரவில்லை, அடுத்து? வாசோபிரெஸ்ஸின் என்றேன். ஏன்? இரண்டும் வேறு ரிசெப்டரில் வேலை செய்கின்றன, லெவோஃபெட் ஆல்ஃபாவில், இது வி1-ல். ரத்தத்தில் அமிலம் கூடினால் எது மங்கும்? ஏன்? இப்படியே ஆறு "ஏன்" வந்தது. ஆறாவதுக்கு "எனக்குத் தெரியவில்லை, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். எதிரில் இருந்தவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவரை மயக்க மேஜைக்கு அருகில் விடமாட்டார்கள்.

அடுத்து, நீங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லுங்கள் என்றார்கள். தப்பை ஒத்துக்கொண்டால் மெமோ என்று பயந்தே வளர்ந்தவர்கள் நாம். முந்தைய வருடம் ஒரு மாதிரி நேர்காணலில் இதே கேள்விக்கு "ரொம்பக் கடினமாக உழைப்பதுதான் என் தப்பு" என்று சொல்லி, கேட்ட அக்காவிடம் திட்டு வாங்கியிருந்தேன். இந்த முறை நடந்ததைச் சொன்னேன். ஒரு இரவு பேஷண்டைத் திருப்பிப் படுக்கவைத்து, கட்டிலைத் தாழ்த்தினேன். கம்பத்தில் இருந்த டிரான்ஸ்டியூசரை (ஆர்ட் லைனின் பிரஷரை அளக்கும் கருவி) தாழ்த்த மறந்துவிட்டேன். அது இதயத்துக்கு மேலே நின்றதால் பிரஷர் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டியது. நான் லெவோஃபெட்டைக் கூட்டினேன். சில நிமிடம் கழித்து, கையில் தொட்டால் நாடி நன்றாக அடிக்கிறதே என்று சந்தேகம் வந்து கையில் பிரஷர் கஃப் போட்டுப் பார்த்தேன், இரண்டுக்கும் 15 வித்தியாசம். டிரான்ஸ்டியூசரைச் சரிசெய்து, டிரிப்பைக் குறைத்து, டாக்டரிடம் சொல்லி, ரிப்போர்ட் எழுதினேன். அன்றிலிருந்து கட்டிலைத் தொட்டால் முதலில் டிரான்ஸ்டியூசரைப் பார்க்கிறேன். அந்தப் பதிலுக்குப் பிறகு யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இடம் கிடைத்துவிட்டால் சில வாரத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்வார்கள். பெரும்பாலும் திரும்பி வராது, அதனால் இரண்டு இடத்துக்குக் காத்திருந்தால் யோசித்துக் கட்டுங்கள். வேலையை விடும் தேதியை மாத முதல் வாரத்தில் வைத்துக்கொண்டால் பல ஆஸ்பத்திரிகளில் அந்த மாதம் முழுக்க ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஓடும், எச்ஆரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய இன்ஷூரன்ஸ் நின்றதும் கணவரின் இன்ஷூரன்ஸில் சேர வழக்கமாக 30 நாள்தான் அவகாசம். நான் இருபத்தெட்டாவது நாள்தான் சேர்ந்தேன்.