முதல் வாள் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் பழைய வாள் சேகரிக்க நினைப்பவர் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் தல்வார்தான். வளைந்த அலகு, அடியில் வட்டத் தட்டு வைத்த இரும்புக் கைப்பிடி. முகலாயர் காலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை ஏராளமாக அடிக்கப்பட்டதால் இன்னும் கிடைக்கிறது. தொடங்குவதற்கு நல்ல வாள். ஆனால் பலர் வாளைப் பார்ப்பதற்கு முன்பே விற்பவர் சொல்லும் கதையில் விழுந்துவிடுகிறார்கள்.

"ஜமீன் வீட்டுச் சாமான்", "திப்பு படையில் இருந்தது" என்பார்கள். திப்புவின் படுக்கையறை வாள் 2023இல் லண்டனில் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது உண்மை. ஆனால் 1799இல் அது பிரிட்டிஷ் தளபதி டேவிட் பேர்டிடம் சேர்ந்த விவரம் அந்த வாளிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்தில் ஆதாரம் இல்லாத கதைக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, அலகில் அலை அலையாகக் கோடு தெரிந்தாலே ஊட்ஸ் எஃகு என்று நம்புவது. தமிழகத்திலும் தெலங்கானாவிலும் மூசை என்னும் சுடுமண் கலத்தில் உருக்கிய அந்த எஃகில் கோலம் நுணுக்கமாக, ஒழுங்கில்லாமல் ஓடும். பெரிய அலைகள் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வந்தால், அது பெரும்பாலும் இரண்டு வகை இரும்பை மடித்து அடித்த புது வேலை, அல்லது மேலே அமிலத்தால் வரைந்தது. தங்க வேலைப்பாடும் அப்படித்தான். உதய்ப்பூரில் இன்றும் அழகாகச் செய்கிறார்கள். அதைப் புதியது என்று தெரிந்து வாங்கினால் தவறே இல்லை.

பழசா புதுசா என்று பார்க்கக் கையில் எடுத்துப் பாருங்கள். போருக்கு அடித்த அலகு கைப்பிடிப் பக்கம் தடிமனாக இருந்து, முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகும். அலங்காரத்துக்குச் செய்தது தகடு வெட்டியதுபோல் கடைசிவரை ஒரே கனத்தில் இருக்கும். முனைப்பக்கம் கனத்துக் கையை இழுக்கும். கைப்பிடி சிறிதாக இருக்கிறதே என்று நல்ல தல்வாரை ஒதுக்குபவர்களும் உண்டு. அது குழந்தைக்குச் செய்ததல்ல. இறுக்கிப் பிடித்து இழுத்து அறுப்பதற்கான அளவே அது. அலகின் வால் கைப்பிடிக்குள் அரக்குக் கலவையால் பிடிக்கப்பட்டிருப்பதால் லேசாக ஆடலாம், பரவாயில்லை. அந்த இடத்தில் வெல்டிங் தெரிந்தால் வாங்காதீர்கள்.

வாங்கிய பின் செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் வலிப்பது: உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பட்டறையில் கொடுத்துப் பளபளப்பாக்குவது. ஒரு மணி நேரத்தில் இருநூறு வருட மேற்பரப்பு போய்விடும். நுண்ணிய கோலமும் தங்கப் பூச்சும் அதோடு போகும், திரும்ப வராது. செந்துரு இருந்தால் தையல் மெஷின் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, மென்மையான துணியால் பொறுமையாகத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். விரல் பட்ட இடம் துருப்பிடிக்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். தோல் உறைக்குள் வருடக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சும். உருவும்போது உறையின் கூர்ப்பக்கத்தில் விரல் வைக்கவே கூடாது. பழைய உறை பிளந்து அலகு விரலை வெட்டிவிடும்.

அப்புறம் சட்டம். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமான வாள், கத்திகளைப் பற்றி ஆயுத விதிகளும் பேசுகின்றன. வீட்டில் வைக்க உரிமம் தேவையா என்பது ஊருக்கு ஊர் மாறும். பணம் கொடுப்பதற்கு முன்பே உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். பில்லையும் வாளின் புகைப்படங்களையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.