சேகோ ஆலைக்கு டேட்டா வேர்ஹவுஸ்: எந்த மாடலை எடுப்பது?

ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு டேட்டா வேர்ஹவுஸ் (பல இடங்களில் கிடக்கும் தரவை ரிப்போர்ட்டுக்காக ஒன்றாகச் சேர்க்கும் கிடங்கு) அமைத்துக் கொடுத்ததிலிருந்து, "எங்களுக்கு கிம்பல் முறையா, டேட்டா வால்ட்டா?" என்று சேலத்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டும் அதில் டேபிள்களை அமைக்கும் முறைகள், படி 4-ல் விளக்குகிறேன். அந்தக் கேள்வியை இரண்டாவதாக வையுங்கள் என்பதுதான் என் பதில். உங்கள் டேபிளில் ஒரு வரி எதைக் குறிக்கிறது? இது முடிவானால் மாடல் பாதி முடிவான மாதிரி. எஸ்கியூஎல்லில் ஜாயின் போடத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: கேள்விகளை வாங்குங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்காமல் முதலாளியிடமும் கணக்குப் பார்ப்பவரிடமும் உட்காருங்கள். எந்த ஊர்க் கிழங்கில் பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) அதிகம்? ஒரு டன் கிழங்குக்கு எத்தனை மூட்டை ஜவ்வரிசி விழுகிறது? சேகோசர்வ் (ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கம்) வழியாக விற்றதற்கும் வியாபாரிக்கு நேரடியாக விற்றதற்கும் கைக்கு வந்த விலையில் என்ன வித்தியாசம்? அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: தரவு எங்கே கிடக்கிறது

எடைமேடை சாஃப்ட்வேர், கணக்கு எழுதும் டேலி, பாயிண்ட் பார்த்து எழுதும் எக்செல். பெரும்பாலான ஆலைகளில் இவ்வளவுதான். எத்தனை இடம் என்று குறித்து வையுங்கள், படி 4-ல் தேவைப்படும்.

படி 3: ஒரு வரி என்றால் என்ன

இதற்குப் பெயர் கிரெயின். நிதானமாகச் செய்யவேண்டிய வேலை இதுதான்.

நம்ம ஊரில் மரவள்ளிக் கிழங்கை வெறும் எடைக்கு வாங்குவதில்லை. மாவுச்சத்தைப் பாயிண்ட்டாகப் பார்த்து, ஒரு டன்னுக்கு ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். ஒரு லோடு 10 டன், 28 பாயிண்ட், விலை 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 98,000 ரூபாய். இதில் 40,000 முன்பணமாகவும் 58,000 பிறகும் போயிருக்கிறது.

இப்போது கொள்முதலையும் பணப் பட்டுவாடாவையும் லோடு எண்ணை வைத்து ஜாயின் செய்து பாருங்கள். லோடு இரண்டு வரியாகிவிடும். எடையைக் கூட்டினால் 20 டன், தொகையைக் கூட்டினால் 1,96,000. எரர் எதுவும் வராது, டாஷ்போர்டும் அழகாகவே இருக்கும். அதனால்தான் இது ஆபத்து. லோடுக்கு ஒரு ஃபேக்ட் டேபிள் (நடந்ததையும் அதன் எண்களையும் வைக்கும் டேபிள்), பட்டுவாடாவுக்கு வேறொன்று என்று பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் விவசாயி, தேதி டைமன்ஷன்கள் (யார், எப்போது என்ற விவரங்களை வைக்கும் டேபிள்கள்) பொது. இரண்டையும் தனித்தனியே கூட்டிவிட்டு, அதற்கப்புறம் சேருங்கள்.

இன்னொன்று, பாயிண்ட்டைக் கூட்டவும் முடியாது, நேராகச் சராசரி எடுக்கவும் கூடாது. 10 டன் 28 பாயிண்ட்டிலும் 2 டன் 22 பாயிண்ட்டிலும் வந்தால் சராசரி 25 இல்லை, 27. எடையைப் பாயிண்ட்டால் பெருக்கி வரும் 280, 44 என்ற எண்களை ஃபேக்ட் டேபிளில் ஒரு நெடுவரிசையாக வைத்துவிடுங்கள். அதைக் கூட்டி மொத்த எடையால் வகுத்தால், ஊர் வாரியாகப் பார்த்தாலும் மாத வாரியாகப் பார்த்தாலும் சரியாக வரும்.

படி 4: இப்போது முறையைத் தேர்ந்தெடுங்கள்

பில் இன்மன் சொன்ன வழியில், நிறுவனம் முழுவதற்கும் நார்மலைஸ் செய்த, அதாவது ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராமல் பிரித்து வைத்த, ஒரே கிடங்கை முதலில் கட்டி, அதிலிருந்து துறைகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். வங்கி, காப்பீடு மாதிரி இடங்களுக்குப் பொருந்தும். முதல் ரிப்போர்ட் வர நாளாகும், அதுவரை காத்திருக்கும் பொறுமை ஆலை முதலாளிக்கு இருக்காது.

டான் லின்ஸ்டெட் 2000-ல் வெளியிட்ட டேட்டா வால்ட்டில் ஹப் (விவசாயி எண் மாதிரி அடையாளங்கள்), லிங்க் (அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு), சாட்டிலைட் (மாறக்கூடிய விவரங்கள்) என்று மூன்று வகை டேபிள்கள். சோர்ஸ்கள் (தரவு வரும் இடங்கள்) ஏராளமாக இருந்து, அடிக்கடி மாறி, எந்தத் தகவல் எப்போது எங்கிருந்து வந்தது என்று ஆடிட்டுக்குக் காட்டவேண்டிய இடத்தில் இது அருமையான முறை. மூன்று சோர்ஸ் உள்ள ஆலைக்கு இதைப் போட்டால் டேபிள் எண்ணிக்கைதான் ஏறும். ரிப்போர்ட்டுக்கு அதன்மேல் மறுபடியும் ஒரு ஸ்டார் ஸ்கீமா (கீழே சொல்கிறேன்) கட்டத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே அகலமான டேபிளில் போடுவது கடைசிக் கட்டத்துக்கு, அதாவது டாஷ்போர்டுக்கு, நல்லது. அடித்தளமாக வேண்டாம்.

மிச்சம் ரால்ஃப் கிம்பலின் ஸ்டார் ஸ்கீமா. நடுவில் ஃபேக்ட், சுற்றிலும் டைமன்ஷன்கள். சேலத்தில் நான் பார்க்கும் அளவுள்ள நிறுவனங்களுக்குத் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். கணக்குப் பார்ப்பவரே டேபிளைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார் என்பது எனக்குப் பெரிய காரணம்.

படி 5: பழைய நிலையை அழிக்காதீர்கள்

ஒரு விவசாயி ஜூன் மாதம் ஏஜென்ட் மாறுகிறார். டைமன்ஷனில் பழைய பெயரின் மேல் புதிய பெயரை எழுதினால், மே மாத லோடும் புது ஏஜென்ட் கணக்கில் ஏறும், கமிஷனில் தகராறு வரும். பழைய வரியை அப்படியே விட்டு முடிவுத் தேதி போடுங்கள், புது வரிக்குப் புது கீ கொடுங்கள். டைமன்ஷன் மாற்றங்களைக் கையாளும் வகைகளில் இதற்குப் பெயர் டைப் 2. போன் நம்பர் மாறினால் இவ்வளவு தேவையில்லை, மேலேயே எழுதிவிடலாம்.

என்ன டூல்?

தரவை வைக்க போஸ்ட்கிரெஸ், டேபிள்களை எஸ்கியூஎல்லில் உருவாக்கிச் சோதிக்க டிபிடி, டாஷ்போர்டுக்கு மெட்டாபேஸ். இந்த அளவுத் தரவுக்கு கிளவுடில் மாத வாடகை கட்டுவது வீண் செலவு. டிபிடியில் லோடு எண்ணுக்கு யூனிக் டெஸ்ட் (ஒரே எண் இரண்டு முறை வருகிறதா என்று பார்ப்பது) ஒன்று எழுதினால், படி 3-ல் சொன்ன இரட்டிப்பு அன்றைக்கே மாட்டிக்கொள்ளும்.

பின்சேர்க்கை

ஒரே லாரியில் இரண்டு விவசாயிகளின் கிழங்கு வந்தால் என்ன செய்வது என்று தலைவாசலிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அப்போது கிரெயின் "லோடு" இல்லை, "லோடில் ஒரு விவசாயியின் பங்கு". எடையைப் பங்கு பிரித்து எழுதுங்கள். லாரி வாடகையையும் அதே விகிதத்தில் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது இரண்டு முறை கூடும். யூனிக் டெஸ்ட்டையும் லோடு எண், விவசாயி இரண்டும் சேர்ந்ததற்கு மாற்றுங்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்டக் கணக்கு பார்க்கும் ஒருவருக்கு வேறு பிரச்சினை. பழம் பறிப்பது, தோல் உரிப்பது, காயவைப்பது, அனுப்புவது என்று ஒரே சரக்கு பல கட்டம் தாண்டுகிறது. இதற்கு ஒரு லாட்டுக்கு ஒரு வரி வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி, எடை நெடுவரிசைகள் வைத்து, கட்டம் முடிய முடிய அதே வரியை நிரப்பவேண்டும். ஆனால் இரண்டு நாள் பறிப்பு ஒரே களத்தில் காய்ந்து கலந்துவிடுகிறது என்றார். அதனால் லாட் எண்ணைக் களத்தில் போடச் சொன்னேன். பறிப்புக் கூலிக்குத் தனி ஃபேக்ட் டேபிள், ஓர் ஆள் ஒரு நாள் பறித்தது ஒரு வரி.